ஆட்சி, ஆவணம், காட்சி: தமிழ்நாட்டு நிலப் பத்திரங்களில் சொல்லும் சட்டப்பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் வீடு, மனை, நிலம் ஆகியவற்றின் கைமாற்ற ஆவணங்கள் பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்படுகின்றன. எனினும் அவற்றில் பயிலும் சொற்கள் பலவற்றிற்கு அன்றாட வழக்கில் ஒரு பொருளும் சட்டத்தில் வேறொரு பொருளும் உள்ளன. கிரயம், பட்டா, அனுபவம், விடுதலை, செட்டில்மெண்ட், போக்கியம், வில்லங்கம் ஆகிய சொற்களை எடுத்துக்கொண்டு, அவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவையும், அத்தொலைவால் உரிமை இழப்பு நேரும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வெட்டு வழக்குகளும் நடைமுறைச் சட்டங்களும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பத்திரத் தமிழ், கிரயம், பட்டா, அனுபவம், விடுதலை, போக்கியம், வில்லங்கம்

முன்னுரை

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஒரு வழக்கு இடம்பெறுகிறது. சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று முதிய வேதியர் ஒருவர் திருமணப் பந்தலில் ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிபட்டது படியோலை மட்டுமே என்றும் மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் கூறுகிறார். வழக்கை மெய்ப்பிக்கும் வழிகளாக ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றும் அங்கே பேசப்படுகின்றன. சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவையோர் முடிவுக்கு வருகின்றனர்.

12ஆம் நூற்றாண்டு நூல் காட்டும் இம்முப்பகுப்பு இன்றைய நில வழக்குகளுக்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது. நிலத்தை அனுபவித்து வந்தவர் யார், பத்திரம் யாரிடம் உள்ளது, அதற்குச் சாட்சி யார் என்பனவே இன்றும் கேட்கப்படும் வினாக்கள். மாறியிருப்பது சொற்களின் நிலை. சேக்கிழார் காலத்து அவையில் வழக்காடியவர்க்கும் தீர்ப்புரைத்தவர்க்கும் சொல் ஒன்றாகவே இருந்தது. இன்று பத்திரத்தில் கையொப்பமிடுபவர் ஒரு தமிழ் பேசுகிறார். பத்திரம் வேறொரு தமிழ் பேசுகிறது. அதற்குப் பொருள் கூறும் சட்டமோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கல்வெட்டுச் சொற்களுக்குத் தமிழாய்வு காட்டியுள்ள அக்கறையில் ஒரு சிறு பங்கேனும் வாழும் பத்திரத் தமிழுக்கும் உரியது என்னும் கருத்தின் அடிப்படையில் இக்கட்டுரை அமைகிறது.

பத்திரமும் தாய்ப்பத்திரமும்

பத்திரம் என்னும் சொல்லில் இரு வடசொற்கள் ஒன்றாகக் கலந்துள்ளன. இலை, ஏடு எனப் பொருள்படும் ‘பத்ர’ என்பது ஒன்று. நலம், காப்பு எனப் பொருள்படும் ‘பத்ர’ என்பது மற்றொன்று. வடமொழியில் முதலெழுத்தின் ஒலியால் வேறுபடும் இவ்விரண்டும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெற்றன. ஓலை எனத் தமிழ் கூறியதையே முதற்சொல்லும் கூறுகிறது. ‘பத்திரத்தைப் பத்திரமாக வை’ என்னும் வீட்டு வழக்கில் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. பத்திரம் கையில் இருந்தால் சொத்து காப்பாக இருக்கிறது என்னும் மக்கள் நம்பிக்கைக்கு இவ்வொலி ஒற்றுமையும் ஓரளவு துணைசெய்திருக்கலாம்.

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் விற்பனை ஆவணம் விலையோலை, விலை ஆவணம் எனப்படுகிறது. ஆவணங்களைக் காட்டிப் பதியும் இடம் ஆவணக்களரி எனப்படுகிறது. இவ்வழக்குகள் மறைந்தபோதும் மூலவோலை என்னும் கருத்து மறையவில்லை. ஒரு சொத்தின் முந்தைய கைமாற்றத்தைக் காட்டும் ஆவணத்தை இன்று தாய்ப்பத்திரம் என்கிறோம். அதிலிருந்து பிறந்ததே இப்போதைய பத்திரம் என்பது கருத்து. சட்டநூல்கள் ‘முன் ஆவணம்’ என்று வறண்ட சொல்லால் குறிப்பதை உறவுமுறைச் சொல்லாக்கிய மக்கள் வழக்கு போற்றத்தக்கது. தாய் யாரெனத் தெரியாத பத்திரத்தை வாங்குவதற்கு நாட்டுப்புறத்தில் எவரும் எளிதில் துணிவதில்லை.

கிரயம்: முடிந்ததும் முடியாததும்

வடமொழியில் கிரயம் என்பது வாங்குதல். விக்கிரயம் என்பது விற்றல். பத்திரத் தமிழில் கிரயம் விற்பனை முழுவதையும் குறிப்பதோடு விலையையும் குறிக்கிறது. ‘கிரயத் தொகை’ என்பதும் ‘சுத்தக் கிரயம்’ என்பதும் ஒரே ஆவணத்தில் வருகின்றன. இங்கே ‘சுத்த’ என்னும் அடைக்குத் தூய்மை என்பது பொருளன்று. நிபந்தனையோ மீட்புரிமையோ எஞ்சாத முழு விற்பனை என்பதே பொருள். கல்வெட்டுகளில் வரும் ‘பொருள்மாவறுதி’ என்னும் சொல்லும், விலைப்பொருள் முழுவதும் தீர்ந்தது என்னும் இதே முடிவுத்தன்மையைச் சுட்டுவதாகக் கொள்ளலாம்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 54ஆம் பிரிவில், விலைக்கு ஈடாக உடைமையை மாற்றுவதே விற்பனை என்று வரையறுக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே நிகழும். விற்பனை உடன்படிக்கை தன்னளவில் சொத்தின்மீது எவ்வுரிமையையும் உண்டாக்காது என்றும் அப்பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. மக்கள் வழக்கோ இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. ‘அக்ரிமெண்ட் போட்டு வாங்கிவிட்டேன்’ என்னும் தொடரில் வாங்குதல் முடிந்துவிட்டது. சட்டத்தின் பார்வையில், வாங்குவதற்கான ஒரு வாக்குறுதியே அங்கே உள்ளது. விற்பவர் மறுத்தால் வாக்குறுதியை நிறைவேற்றக் கோரி வழக்குத் தொடுக்கலாம். வீடு என்னுடையது என்று கூற இயலாது.

‘பவர்’ என்னும் சொல் இதனினும் இடர் மிக்கது. பழைய பத்திரங்கள் இதனை அரபு-பாரசீக வழிவந்த முக்தியார்நாமா என்னும் சொல்லால் குறித்தன. ஒருவர் தம் சார்பாகச் செயல்படப் பிறருக்கு அளிக்கும் அதிகாரமே அது. சொல்லின் ஆங்கில வடிவம் ஆற்றல், ஆளுமை என்னும் எண்ணத்தை உண்டாக்குவதால், பவர் பெற்றவர் உரிமையாளராகிவிட்டதாகக் கருதும் வழக்கம் வேரூன்றியது. பொது அதிகார ஆவணத்தின் வழியாக நடைபெறும் ‘விற்பனை’ உடைமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியது. மேலும், அதிகாரம் அளித்தவர் இறந்தால், முகவருக்கே அச்சொத்தில் தனி நலன் இருந்தாலன்றி, அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

கிரயப் பத்திரங்களின் இறுதியில் வரும் மரபுத் தொடர்கள் தமிழாய்வாளருக்குச் சுவையானவை. உடும்பு ஓடிய, ஆமை தவழ்ந்த நிலமெல்லாம் எனச் செப்பேடுகள் எல்லைக்குள் ஒன்றும் எஞ்சாமல் கூறின. மேல்நோக்கின மரத்தையும் கீழ்நோக்கின கிணற்றையும் சேர்த்தே விற்றன. விசயநகரக் காலம் முதல் பெருவழக்காகிய அட்டபோகம், அதாவது நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் முதலிய எண்வகை அனுபவம், இன்றும் சில பத்திரங்களில் தொடர்கிறது. இவற்றுள் நிதி என்பது புதையலைக் குறிக்கும். பத்திரத்தில் நிதி எழுதப்பட்டிருந்தாலும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். விற்பவருக்கே இல்லாத உரிமையைப் பத்திரம் மரபு கருதி வழங்குகிறது. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்னும் தொடர் இதற்கு நேர்மாறானது. சொல்லளவில் மகனும் பேரனும் மட்டுமே இருப்பினும், வழிவழியாக இறங்கும் முழு உரிமையைக் குறிக்கும் தொடராகவே நீதிமன்றங்கள் பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து இதனைக் கொண்டுவருகின்றன. முன்னதில் சொல் அகன்று உரிமை சுருங்குகிறது. பின்னதில் சொல் சுருங்கி உரிமை அகல்கிறது.

பட்டா

தாமஸ் மன்றோவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் 1820 முதல் பரவிய இரயத்துவாரி முறையில், அரசு ஒவ்வொரு பயிரிடுவோருடனும் நேரடியாகத் தீர்வை நிர்ணயித்தது. எந்த நிலத்திற்கு யார் எவ்வளவு தீர்வை செலுத்த வேண்டும் என்பதைக் காட்டியதே பட்டா. எனவே பிறப்பிலேயே அது வரி சார்ந்த ஆவணம். சிட்டா ஒருவரது நிலங்களின் பட்டியல். அடங்கல் பயிரும் அனுபவமும் பசலிதோறும் குறிக்கப்படும் கிராமக் கணக்கு. பசலி ஆண்டு சூலையில் தொடங்குவது. அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இவற்றுள் அடங்கல் ஒன்றே நல்ல தமிழ்ச்சொல். எல்லாம் அதனுள் அடங்கும் என்பது அதன் பொருள்.

வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உடைமை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்திய நிலைப்பாடு. இருப்பினும் ‘பட்டா என் பெயரில் இருக்கிறது’ என்னும் கூற்று ஊர்ப் பேச்சில் இறுதிச் சொல்லாகவே ஒலிக்கிறது. பட்டா பயனற்றது என்பது இதன் பொருளன்று. அனுபவத்திற்கு அது சான்று. பத்திரம் இல்லாத பழைய குடும்ப நிலங்களில் அதுவே வலிய சான்றாகவும் அமையும். ஆனால் 1980களில் நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரோ உட்பிரிவோ பிழையாகப் பதிவாகி, ‘யு.டி.ஆர். பிழை’ என்றே தனிப்பெயர் பெற்றுவிட்ட குளறுபடிகளை நினைவிற்கொண்டால், பதிவேட்டின் பெயரையே உரிமையாகக் கொள்வதன் அபாயம் விளங்கும். கூட்டுப் பட்டாவில் மூத்தவர் பெயர் முதலில் இருப்பதால் நிலம் முழுவதும் அவருடையது என்று வாதிடுவதும் இவ்வகைப்பட்டதே.

அனுபவமும் பாத்தியதையும்

இன்றைய பொதுத்தமிழில் அனுபவம் என்பது பட்டறிவு. பத்திரத் தமிழில் அது நிலத்தைக் கைக்கொண்டு பயன்துய்த்தல். சேக்கிழார் கூறும் ஆட்சிக்கு நேரானது. பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்னும் பரவலான கருத்து, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தைத் தவறாக உணர்ந்ததால் எழுந்தது. சட்டம் கூறுவது எதிரிடை அனுபவம். அது உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடையறாது தொடர வேண்டும். வாடகை கொடுத்தோ இசைவு பெற்றோ குடியிருப்பவரின் அனுபவம் எத்தனை ஆண்டுகள் நீண்டாலும் எதிரிடை ஆகாது. ‘எதிரிடை’ என்னும் அடையை விடுத்து ‘அனுபவ பாத்தியதை’ என்று மட்டும் கூறும் வழக்கமே குழப்பத்தின் வேர்.

பாத்தியதை என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. கட்டுப்பட்ட நிலை எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த இது, அண்டை மொழியாகிய தெலுங்கில் பொறுப்பு என்னும் பொருளிலேயே நிற்கிறது. தமிழில் அது உரிமை ஆகிவிட்டது. பொறுப்பு உரிமையாகத் திரிந்த இம்மாற்றம் தனி ஆய்வுக்குரியது.

விடுதலை, செட்டில்மெண்ட், உயில்

குடும்பத்திற்குள் எழுதப்படும் ஆவணங்களில்தான் சொல்லின் மயக்கம் மிகுந்த இழப்பை விளைவிக்கிறது. விடுதலைப் பத்திரம் என்பது கூட்டுரிமையாளர் ஒருவர் தம் பங்கை மற்றொரு பங்காளிக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம். பொதுவழக்கில் விடுதலை என்பது அதனைப் பெறுபவருக்கு நன்மை பயப்பது. இங்கே விடுதலை பெறுவது சொத்து, இழப்பது கையொப்பமிடுபவர். விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த சகோதரி எதிலிருந்தும் விடுபடுவதில்லை. அவருடைய உரிமையிலிருந்து சொத்து விடுபடுகிறது. இலக்கண நோக்கில் கூறினால், எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிய சொல்லாட்சி இது.

தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாளுக்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை வழங்கியது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானோர், ஆகாதோர் என்ற வேறுபாட்டை நீக்கியது. இதன் பின்னர், மகள்களின் கையொப்பம் இன்றிக் குடும்பச் சொத்தை விற்பது அரிதாயிற்று. விடுதலைப் பத்திரம் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். திருமணத்தின்போது சீர்வரிசையாகப் பெற்றுக்கொண்டதால் பாத்தியதை ஏதும் இல்லை என்னும் வாசகம் இத்தகைய பத்திரங்களில் அடிக்கடி காணப்படுகிறது. சீர் வேறு, பங்கு வேறு. சீர் பெற்றதால் பங்கு அற்றுப்போகும் என்று சட்டம் எங்கும் கூறவில்லை. பங்கை அறுப்பது அவ்வாசகத்தின் கீழ் இடப்படும் கையொப்பம். பத்திரத்தைப் படித்துக் காட்டக் கேட்டு ஒப்பமிட்டதாக இறுதியில் எழுதப்படுவது வழக்கம். படித்துக் காட்டப்பட்ட சொல் எப்பொருளில் கேட்கப்பட்டது என்பதை அவ்வரி கூறாது.

செட்டில்மெண்ட் என்னும் சொல் தமிழில் இரு வேறு வாழ்க்கை வாழ்கிறது. பணிஓய்வின்போது பெறும் தொகையும் செட்டில்மெண்ட். குடும்பத்தினருக்குச் சொத்தை எழுதிவைக்கும் ஏற்பாட்டு ஆவணமும் செட்டில்மெண்ட். ‘எழுதிவைத்தல்’ என்னும் தமிழ் வினையோ உயிலுக்கும் இதற்கும் பொதுவாக நிற்கிறது. ‘வீட்டை மகனுக்கு எழுதி வைத்துவிட்டார்’ என்றால் எதை எழுதினார் என்பது விளங்குவதில்லை. உயில், ஆங்கிலச் சொல்லொன்று தமிழ் உருக்கொண்டது. எழுதியவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வரும். உயிரோடுள்ளவரை அதை மாற்றலாம், கிழிக்கலாம். சான்றொப்பமிட இருவர் வேண்டும், பதிவு கட்டாயமன்று. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டால் உரிமை அன்றே மாறிவிடுகிறது; எழுதியவர் நினைத்தபடி திரும்பப் பெற இயலாது.

முதுமையில் உயிலின் கருத்தோடு செட்டில்மெண்ட் எழுதுபவர், தாம் வாழும் வீட்டில் தாமே இசைவு பெற்றுக் குடியிருப்பவராகிவிடுகிறார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு ஒரு மீட்பு வழியைத் தருகிறது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் நிறைவேற்ற வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டுச் சொத்து மாற்றப்பட்டு, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அம்மாற்றம் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். நிபந்தனை என்னும் சொல்லே இதில் முதன்மையானது. பத்திர எழுத்தின் மரபோ, ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று தொடங்கி, எக்காரணம் கொண்டும் இரத்து செய்ய உரிமை இல்லை என்று முடிப்பது. பராமரிப்பு வேண்டும் என்பதைக் குடும்பத்தினர்முன் நிபந்தனையாகக் கூறுவது தமிழ்ப் பெற்றோருக்கு நாணத்தை அளிக்கிறது. அன்பைக் கூறுவது எளிதாக உள்ளது. ஆயுள்காலம் வரை அனுபவ உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொள்ளும் ஒற்றை வரியும், பராமரிப்பை நிபந்தனையாக்கும் மற்றொரு வரியும் சேர்க்கப்பட்டால் ஆவணத்தின் தன்மையே வேறாகிவிடும். பத்திர எழுத்தரிடம் இவ்விரு வரிகளைக் கேட்டுப் பெறுவதற்கு அவற்றின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றியும் போக்கியமும் ‘லீஸ்’ஸும்

அடமானத்தில் பலவகை உண்டு. 1882ஆம் ஆண்டின் சட்டம் ஆறு வகை காட்டுகிறது. அவற்றுள் கடன் கொடுத்தவரே சொத்தைக் கைக்கொண்டு, வட்டிக்கு ஈடாக அதன் பயனைத் துய்க்கும் வகையைத் தமிழ் நெடுங்காலமாக ஒற்றி என்றது. கல்வெட்டுகளிலும் இச்சொல் உண்டு. போக்கியம் என்பது அதே பொருள் தரும் வடசொல். துய்க்கத்தக்கது என்பது அதன் நேர்ப்பொருள். பெருநகரங்களில் இன்று அது ‘லீஸ்’ எனப்படுகிறது. உரிமையாளரிடம் சில இலட்ச ரூபாய் கொடுத்து, வாடகையின்றி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது நடைமுறை.

சட்டத்தில் ‘லீஸ்’ என்பது குத்தகை. விலையோ வாடகையோ பெற்றுக்கொண்டு அனுபவிக்கும் உரிமையைக் குறித்த காலத்திற்கு அளிப்பது. மக்கள் ‘லீஸ்’ என்பது கருத்தளவில் ஒற்றி. இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதில்லை. ஒற்றியாக எழுதிப் பதிந்தால், கொடுத்த பணத்திற்கு அவ்வீடே ஈடு. பணம் திரும்பும்வரை வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒற்றி, இரு சாட்சிகளின் சான்றொப்பத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 59ஆம் பிரிவு. நடைமுறையிலோ, பதிவுச் செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன் முத்திரைத்தாளில் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் எழுதப்பட்டு, தொகை ‘முன்பணம்’ எனக் குறிக்கப்படுகிறது. உரிமையாளர் அவ்வீட்டை முன்னரே வங்கியில் அடமானம் வைத்துத் தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் கடன் மீட்புச் சட்டத்தின்கீழ் வங்கி வீட்டைக் கைப்பற்றும். அப்போது ‘லீஸ்’ கொடுத்தவர் கையில் உள்ளது வாடகைக்காரரின் தாள். வாழ்நாள் சேமிப்பாகிய தொகைக்கு வீடு ஈடாக இருப்பதாக அவர் நம்பியிருக்கிறார்; தாளில் அச்சொல் இல்லை.

ஒற்றி, போக்கியம் என்னும் சொற்கள் வழக்கிழந்தது வெறும் மொழியிழப்பு அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கட்டுரையாளருக்குக் கிடைக்கவில்லை. ஒற்றி என்று கூறியவருக்குத் தாம் கடன் கொடுத்தவர் என்னும் உணர்வு இருந்தது. ‘லீஸ்’ என்பவர் தம்மைக் குடியிருப்பவராக மட்டுமே எண்ணுகிறார்.

வில்லங்கம்

‘வில்லங்கமான ஆள்’ என்று தொல்லை தருபவரைக் குறிக்கும் இச்சொல், பத்திரத் தமிழில் சொத்தின்மீது பிறருக்குள்ள பிடிப்பைச் சுட்டுகிறது. பதிவுத்துறை வழங்கும் வில்லங்கச் சான்று, கேட்கப்பட்ட காலத்தில் அச்சொத்தைப் பற்றிப் பதிவான ஆவணங்களின் பட்டியலே. வில்லங்கம் ஏதும் இல்லை என்று அது கூறும்போது, ‘எம் பதிவேட்டில் இல்லை’ என்பதே அதன் முழுப்பொருள். ‘தொல்லை ஏதும் இல்லை’ என்னும் பொதுவழக்குப் பொருளில் அது படிக்கப்படுகிறது. பதிவாகாத உயில், வாய்மொழிக் குத்தகை, வாரிசுகளின் கோரிக்கை ஆகியன அதில் இடம்பெறா. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும் அதில் தென்படாமல் போகலாம். அவ்வாறிருக்கும்போது வாங்கியவரையும் அவ்வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும்.

பதிவேட்டில் காணப்படாதவற்றுள் ஒன்றைச் சட்டம் வேறு வழியால் வாங்குபவரின் பொறுப்பில் வைத்துள்ளது. ஒரு சொத்தை உள்ளபடி அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு ஏதேனும் உரிமை இருப்பின், அதனை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே சொத்து மாற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கொள்கிறது. கதவைத் தட்டிக் கேட்கவில்லை என்பது விடையாக ஏற்கப்படுவதில்லை. ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் வரிசையில் ஆட்சி முதலில் நிற்பது தற்செயலா, சேக்கிழார் காலத்து வழக்காட்டு முறையில் அதற்கிருந்த முதன்மையா என்பது, அக்காலக் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ள நில வழக்குகளோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கது.